இரண்டாவது டைரக்டர்

சாயத் தொட்டிக்குள் தலைகுப்புறக் கிடந்தார் அப்பாதுரை!

அரக்குச் சாயத்தில் கடைசியாக ஒரு குமிழி வந்து உடைந்தது... அவ்வளவுதான்.

ஆதிகேசவன் மூச்சு வாங்க நின்றான். அமாவாசை. பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடாத நாள். பட்டறையில் ஈ காக்கை இல்லை.

ஏழு வருஷக் கூட்டாளி. அவர் முதல் போட்டார், இவன் ஊர் ஊராக அலைந்து புடவை விற்றான். அந்த வியாபாரம்தான் இப்போது பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆகப் போகிறது.

நேற்று வக்கீல் வரதராஜனின் மேஜையில் கம்பெனி விதிமுறைகளின் நகல் கிடந்தது. டைரக்டர்கள் இருவர். முதலில் அப்பாதுரை. அடுத்து ஆதிகேசவன்...

அந்த இரண்டாவது பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு! ஓரத்தில் அப்பாதுரையின் கையெழுத்து: 'இவர் கூடாது.'

துரோகி!

இன்று நேரில் கேட்டபோது அப்பாதுரை சிரித்தார். சாயந்திரம் வக்கீல் வருவார், அப்போது தெரிந்துகொள் என்றார். அந்தச் சிரிப்பைத்தான் ஆதிகேசவனால் தாங்க முடியவில்லை.

சாயந்திரம் வக்கீல் வந்தார். தொட்டியைப் பார்த்துப் பதறி அவர் போன் செய்ய, இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணுவும் வந்தார். கால் தவறி விழுந்துவிட்டார் என்று அழுதவனின் மணிக்கட்டில் நகக்கீறல்களைப் பார்த்தார்.

"யாருபா கீறினது?"

ஆதிகேசவன் உடைந்தான். "என் பேரை அடிச்சிட்டான் சார். கூடவே இருந்துக்கினு கழுத்தறுத்துட்டான்..."

வக்கீல் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அடிக்கச் சொன்னதே நான்தான்பா. பழைய கடை நொடிச்சப்ப நீ மஞ்சக் கடுதாசி குடுத்தியே... கோர்ட்டு இன்னும் உன்னை விடுவிக்கல. திவாலானவன் டைரக்டரா உக்காந்தா ஜெயிலு."

"அப்ப... என் பங்கு?"

வக்கீல் பையிலிருந்து புது நகலை எடுத்து நீட்டினார்.

இரண்டாவது டைரக்டர்: வடிவு. பாதிப் பங்கு.

வடிவு... அவன் மனைவி!

"பழசைக் கிளறினா நீ கூனிப் போயிடுவேன்னு அப்பாதுரைதான் உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு. வடிவு நேத்தே கையெழுத்துப் போட்டுட்டா."

நேற்றிரவு வடிவு ஏதோ சொல்ல வந்தாள். அவன்தான் எரிந்து விழுந்து அவள் வாயை அடைத்தான்.

துரோகம் செய்தது யார் என்று இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. தொட்டியைப் பார்க்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு கதறினான்.

துரைக்கண்ணு விலங்கை எடுத்தார்.

"நீ ஜெயிலுக்குப் போகக் கூடாதுன்னு மெனக்கெட்ட ஒரே ஆளு அவருதான்பா. அவரையும் முடிச்சிட்டே... ஏறு வண்டியில!"