கதவு திறந்திருந்த லாக்

"நாம தொறக்கலையே. அப்போ யாரு தொறந்து வெச்சது?"

"எவனோ சோம்பேறி மேல ஏறிப் போயிருப்பான். மூடாமப் போனா நமக்கு ஒரு வேலை மிச்சம். மூஞ்சியத் தூக்காத பிரையனி."

டங்கன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிரையனிக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷனும் பொண்டாட்டியுமாக ஆறு நாளாக வாடகைப் படகில் இந்தக் கால்வாயில்தான் விடுமுறை. மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்குப் படகை இறக்குகிற கல் தொட்டிதான் லாக். வெளியேறுகிறவர்கள் கதவை மூடிவிட்டுத்தான் போக வேண்டும், அதை இங்கே யாரும் மறப்பதில்லை. அதுவும் காலையிலிருந்து எதிரே ஒரு படகுகூட வரவில்லை.

"கயித்தக் கரையில இருக்குற இரும்புக் குற்றியில ஒரு சுத்து சுத்திப் பிடி. முடிச்சு மட்டும் போட்டுடாத, படகு அந்தரத்துல தொங்கும். ஞாபகம் இருக்குல்ல? நான் கீழேருந்து ஒரு இழுப்பு இழுத்தா விடு. ரெண்டுன்னா பிடி."

"ரெண்டு இழுத்தா டீ வேணும்னு நெனச்சேன்."

"டீ இங்க படகுக் கூரை மேல ஆறிக்கிட்டு இருக்குடி."

படகு தொட்டிக்குள் நுழைந்ததும், கயிற்றோடு கரையில் நின்ற அவள் மேல்கதவை மூடினாள். கீழ்க்கதவருகே போய் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி மதகைத் தூக்கினாள். தொட்டித் தண்ணீர் வடியத் தொடங்கியது. ஈரக் கல்லின் பாசி நாற்றமும், டீசல் புகையும், தொட்டிக்குள் மோதித் திரும்பும் இன்ஜினின் டுக்டுக் சத்தமும் அக்டோபர் தூறலோடு கலந்து மேலெழ, டங்கனின் முகமும் அவன் நீலத் தொப்பியும் மெதுமெதுவாகக் கல்விளிம்புக்குக் கீழே இறங்கின. அவள் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

இரண்டு ஆள் ஆழம். எல்லா லாக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கயிறு இன்னும் போய்க்கொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தாள். படகு நான்கு ஆள் ஆழத்தில் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கால்வாயின் கீழ்மட்டம், வாத்துகள் மிதக்க, எப்போதும்போல இருந்தது. இந்தப் பக்கம் தண்ணீர் அதற்கும் கீழே போய்க்கொண்டிருந்தது.

"பிரையனி! மதகை மூடு!"

ஒரு கையில் கயிறு. மறு கையால் மதகை இறக்கினாள். பல்சக்கரம் கடகடவென்று விழுந்தது. மூடிவிட்டது.

தண்ணீர் நிற்கவில்லை.

"மூடிட்டேன்! டங்கன், ஏணியப் பிடி! ஏறி வா!"

"ஏணி மேலேயே முடிஞ்சுடுச்சு! எட்டலடி!"

சுவரில் கட்டுக்கல் முடிந்து பாறை. பாறை முடிந்து கருப்பு. படகின் விளக்கு தீக்குச்சி அளவு. இன்ஜின் சத்தம் தேய்ந்தது. கயிற்றின் கடைசி முழம் அவள் உள்ளங்கையில். குற்றியில் ஒரே சுற்று. முடிச்சுப் போட நினைத்தாலும் நீளம் மிச்சமில்லை.

இரண்டு இழுப்பு. பிடி.

பிடித்தாள். தோல் கிழிந்தது. விடவில்லை.

விளக்கு அணைந்தது. பிறகு தண்ணீர் திரும்பி வந்தது. சத்தமே இல்லாமல், வேகமாக, விளிம்புவரை. படகு வரவில்லை. ஒரு தேநீர்க் குவளை மட்டும் மேலே வந்து மிதந்தது. கயிறு நேர்க்கீழே, இருட்டுக்குள், விறைப்பாக.

இரண்டு இழுப்பு.

உயிரோடு இருக்கிறான். இவ்வளவு நேரம் தண்ணீருக்கடியில் யாரால் இருக்க முடியும்? ஆனாலும் இழுக்கிறானே.

மேல்கதவு தானாகத் திறந்தது. அவர்கள் வந்தபோது திறந்திருந்த அதே அளவு.

வளைவில் ஒரு சிவப்புப் படகு திரும்பியது. சுக்கானில் ஒருவன். முன்பக்கம் ஒருத்தி, மடியில் மஞ்சள் மிதவைச் சட்டை போட்ட கைக்குழந்தை.

"வராதீங்க! நிறுத்துங்க!"

அவர்கள் இன்ஜின் சத்தத்தில் அது அவர்களுக்கு எட்டவில்லை. ஒரு கையை விடுவித்து உயர்த்தி ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. கால்வாயில் கை ஆட்டினால், லாக் தயார், உள்ளே வா என்று அர்த்தம்.

சுக்கான்காரன் சந்தோஷமாகப் பதிலுக்குக் கை ஆட்டினான்.

"அடடா, எங்களுக்காகவே தொறந்து வெச்சிருக்கீங்களா! ரொம்ப தேங்க்ஸ்ங்க!"

மேல்கதவு அறுபதடி தூரம். ஓடிப் போய் அதன் மரக்கையைத் தள்ளினால் மூடிவிடலாம். ஓட வேண்டுமென்றால் கயிற்றை விட வேண்டும்.

இரண்டு இழுப்பு. மறுபடி இரண்டு. கெஞ்சுகிற மாதிரி, மறுபடியும் இரண்டு.

சிவப்புப் படகின் மூக்கு கதவைத் தொடுகிறது. குழந்தை அவளைப் பார்த்துச் சிரிக்கிறது.

சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் கயிற்றை விடுவீர்களா?