முப்பத்தோராவது குளியல்

அன்வர் பாஷா திருகியது திருகவேண்டிய திருகை அல்ல. கொதிகலன் பக்கத்துக் குழாயைச் சுத்தம் செய்யப் போனவன், தொட்டியின் அடித்திருகைக் கழற்றிவிட்டான். பீடியைப் பற்றவைத்து ஓர் இழுப்பு இழுப்பதற்குள், நான்கு நாளாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து நிரப்பிய தண்ணீர் முழுவதும் வைத்தியசாலையின் கத்தரிப் பாத்தி வழியாக ரோட்டுக்குப் போய்விட்டது. செஞ்சிக் கடைத்தெருவில் அவன் கடைப் பலகையில் ‘குழாய், பம்பு, ஸ்டவ் எல்லாம் ரிப்பேர்’ என்று எழுதியிருக்கும். அதை ஊர்க்காரர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். மனசு சரியில்லாத நாட்களில் அவனும் அப்படித்தான் படிப்பான்.

அறுபத்து நாலாம் வருஷத்துச் சித்திரை. வைத்தியசாலைக் கிணற்றில் ஒரு குடம் முங்கவில்லை. இயற்கை வைத்தியர் இளையபெருமாள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை.

“பாய், நாளைக்கு மூணு மணிக்கு உங்க வீட்டம்மா சுடுதண்ணித் தொட்டியில உக்காந்தாவணும். ஒரு நாள் தப்பினாலும் மறுபடி ஒண்ணுலேர்ந்துதான்.”

வீட்டம்மா ஜாஹிதா பேகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது அவளுடைய இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு போனது. நாற்பது நாள் சுடுநீரில் ஊறவேண்டும் என்றார் வைத்தியர். முப்பதாவது நாள் சாயங்காலம் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறை பார்ப்பதுபோல அந்த விரலைப் பார்த்தார்கள். அன்றைக்கு ராத்திரியே அவன் போய் அடித்திருகைக் கழற்றினான்.

வண்டிக்காரன் பொன்னுசாமி மாடு பூட்டித் தண்ணீர் கொண்டுவந்தான். வல்லம் ரோட்டைத் தாண்டி, மலையடிவாரத்தில் யாரும் இறைக்காத ஒரு கிணற்றிலிருந்து பதினாலு டிரம். ஊற்றி முடித்ததும் ஒவ்வொரு டிரம்மாகக் கவிழ்த்து, உள்ளே சாம்பல் போட்டுத் தேய்த்தான். தண்ணீர் ஏற்றிய டிரம்மைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிற ஆளை அன்வர் அதுவரை பார்த்ததில்லை.

“நல்ல தண்ணிதானப்பா?”

“தண்ணி தண்ணிதான் பாய்.”

“பின்ன ஏன் யாரும் எறைக்கறதில்ல?”

“மாடு நிக்காது, வரேன்.”

மாடுகள் இரண்டும் கண்ணை மூடி நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் மூன்று மணிக்கு, உதவிக்கு இருக்கும் மீனம்பாளும் வைத்தியரின் மனைவியும் ஜாஹிதாவைத் தூக்கி மார்பளவுத் தண்ணீரில் உட்காரவைத்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்பறை. தணலும் புகையும் புளிய விறகின் புளிப்பு வாடையும் நிறைந்த அந்தப் பொந்தில், செம்புக் கொதிகலனுக்கு முன்னால் அன்வர் குந்தியிருந்தான். சுவரைத் துளைத்து இரண்டு குழாய்கள் போயின. கீழ்க் குழாய் தொட்டியின் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவரும். மேல் குழாய் சுட்ட தண்ணீரைக் கொண்டுபோகும். மேல் குழாயைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி. அது வழியாக அவள் குரல் வரும்.

அரை மணி நேரம் எரித்தும் மேல் குழாய் ஒரு சாண் தூரத்துக்குத்தான் சுட்டது. அதற்கப்பால் பிணம்போலக் கிடந்தது.

“ஏங்க, இது தொட்டியா, ஐஸ் பொட்டியா?”

“பொறும்மா, காத்து அடைச்சிக்கினு இருக்குது.”

“உங்களுக்கா, குழாய்க்கா?”

சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டான். தொட்டியைப் புதிதாக நிரப்பினால் குழாயில் மாட்டிக்கொண்ட காற்றை முதலில் வெளியேற்ற வேண்டும். கடையில் ஸ்குரூ பொறுக்குகிற பொடியனுக்குக்கூடத் தெரியும். மேல் குழாயின் வளைவில் இருந்த காற்றுத் திருகைக் கால் சுற்று திறந்தான். கையை எடுக்க முடியாது. எடுத்துவிட்டு எழுந்து போனால், ஆவி சேர்ந்து கொதிகலன் வெடித்தாலும் வெடிக்கும்.

காற்று சீறியது. பல நாள் மூட்டைகட்டிப் போட்ட ஈரத் துணியின் வாடை. அந்தக் குழாயில் ஒரு சொம்புக் காற்றுக்குமேல் இருக்க இடமில்லை. ஆனால் சீறல் வெகுநேரம் ஓயாமல் இருந்து, பிறகு மெல்ல இளைத்து, இளைத்து, நின்றது. தண்ணீர் வரும் என்று துணியை நீட்டினான். துணியின் நுனி திருகை நோக்கி வளைந்து, துளையில் போய் ஒட்டிக்கொண்டது.

உள்ளே இழுக்கிறது.

பிறகு மறுபடி வெளியே விட்டது. மறுபடி உள்ளே. அவன் தன் மூச்சும் அதே கணக்கில் போய்வருவதைக் கவனித்து, வேண்டுமென்றே இருமினான். பதினெட்டு வருஷமாகக் குழாயோடு குடித்தனம், இன்றைக்குத்தான் அது குறட்டை விடுகிறது என்று ஜாஹிதாவிடம் சொல்ல வாயெடுத்தான்.

மீனம்பாள் துண்டோடு வாசலில் வந்து நின்றாள்.

“நீ ஏம்மா வெளியில வந்த? அது தனியா இருந்தா பயப்படுமே.”

“பாயம்மாதான் வெளிய போகச் சொல்லிச்சி பாய். கதவ சாத்திக்கச் சொல்லிச்சி.”

“ஜாஹிதாவா?”

“நல்லாத்தான் பேசுது.” துண்டைப் பிழிந்தாள். துண்டு காய்ந்திருந்தது.

“மீனம்பா, அந்த மலையடிக் கெணறு இன்னா சமாச்சாரம்?”

“எனக்கு இன்னா தெரியும் பாய்” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

அப்போதுதான் குழாய் அதிர்ந்தது. டக். டக். டக். திருகிலிருந்து கொதிநீர் பீறிட்டது. காற்று போய்விட்டது. மேல் குழாய் முழு நீளத்துக்கும் சூடு ஏறி ஓட ஆரம்பித்தது. திருகை மூடி, அல்லாவுக்கு நன்றி சொல்லி, சுவரைத் தட்டினான்.

“இப்ப எப்படி இருக்குது?”

குழாய் இடைவெளி வழியாகக் குரல் வந்தது.

“சில்லுனு இருக்குது. வெறகு போடு.”

போடுங்க இல்லை. போடு. கோபம் போலிருக்கிறது. ரெண்டு நாளாகப் புருஷன் செய்த வேலைக்கு இது குறைச்சலான மரியாதை ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, பெரிய கட்டையாக இரண்டைத் தள்ளினான். தீ உறுமியது. கொதிகலன் முனகியது.

“இப்ப?”

“சில்லுனு இருக்குது.”

இன்னும் மூன்று கட்டை. புருவம் கருகும் வாடை வந்தது. சுவருக்கு அப்பால் தண்ணீர் அடிக்கும் சத்தம், கையால் அளைவதுபோல. விளையாடுகிறாள் என்று தோன்றியது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

“கொஞ்சமாவது சுடுதா ஜாஹிதா?”

“போடு.”

இன்னொரு கட்டையை எடுக்கக் குனிந்தவன் தடுமாறி, ஊன்றிக்கொள்ளக் கீழ்க் குழாயைப் பிடித்தான்.

உள்ளங்கைத் தோல் குழாயோடு ஒட்டிக்கொண்டது.

வலி வருவதற்கு முன்னால் ஒரு நினைப்பு வந்தது. பாத்திரம் கழுவுகிறவள் பாத்திரத்தைப் பார்ப்பதுபோல அந்த நினைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீழ்க் குழாய். தொட்டியிலிருந்து வருவது. தொட்டித் தண்ணீர் எந்தச் சூடோ அந்தச் சூடு.

“ஜாஹிதா?”

“அன்வரு” என்றது குரல். அவள் குரல்தான். “வெறகு.”

கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் ஜாஹிதா அவன் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கார்டு எழுத வந்த ஆபீசர் புருஷன் பேர் கேட்டபோதுகூட, சுவரில் இருந்த அவன் போட்டோவைக் கையால் காட்டினாள்.

எரிகிற கட்டைகளைக் கையால் இழுத்துத் தரையில் போட்டான். ஓடினான். கட்டிடத்தைச் சுற்றி. கத்தரிப் பாத்தி. வேலி. கதவு. வெளியே மீனம்பாள், முகத்தில் அந்தக் காய்ந்த துண்டு.

“தொற.”

“பாயம்மா வேணாம்னு—”

உதைத்தான்.

ஆவி. வெள்ளையாக, சுவர்போல. அதற்குள் வேகிற வாடை. ரம்ஜான் அன்று பெரிய பிரியாணித் தேக்சாவின் மூடியைத் திறந்தால் வருகிற வாடை. தரையில் தவழ்ந்தே போனான். தொட்டி விளிம்பு கைக்குப் பட்டது. தண்ணீர் குதித்துக்கொண்டிருந்தது.

கையை விட்டான். முழங்கை வரை. அவள் தோளைப் பிடித்து இழுத்தான். தோள் வரவில்லை. தோல் வந்தது. முழுக்கை ரவிக்கையைக் கழற்றுவதுபோல, நகத்தோடு.

மீனம்பாள் கதவருகே அலறினாள்.

ஆவி கொஞ்சம் விலகியது. ஜாஹிதா உட்கார்ந்திருந்தாள். சிமெண்டு விளிம்பில் பத்துக் கோடுகள், ரத்தத்தால் இழுத்தவை. தண்ணீருக்குள் அவள் கால்கள் இரண்டும் முட்டி மடங்கி, பாதங்கள் எதிர்ச்சுவரை அழுத்தி உதைத்தபடி நின்றன. இரண்டு வருஷமாக அசையாத கால்கள். இரண்டுமே உதைத்திருக்கின்றன.

முகம் முழுக்கச் சிவந்து கொப்பளித்திருந்தது. வாயின்மேல் மட்டும் சிவப்பே இல்லை. வாயின்மேல், ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வரை, வெளுப்பாக, ஈரமாக, கொப்புளம் ஒன்றுகூட இல்லாமல், ஒரு கையின் அச்சு. ஐந்து விரலும் தெரிந்தன. அன்வர் அதைத் தொட்டான். கிணற்றடிக் கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. அவன் தொட்டபோது, விரல் அச்சு ஒன்று மெல்ல அவள் கன்னத்தில் நகர்ந்து இடம் மாற்றிக்கொண்டது.

“சுடலியா?” என்று கேட்டான். யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டான். “இவ்ளோ நேரம் சுடவே இல்லியா?”

ஜாஹிதாவின் உதடு அசையவில்லை. தண்ணீருக்குள், அவள் மடிக்குக் கீழே, கீழ்க் குழாயின் வாய் இருந்த இருட்டிலிருந்து அவளுடைய குரல் நிதானமாக வந்தது.

“அவளுக்கு அப்பவே சுட்டுடுச்சி அன்வரு. எனக்குத்தான் இன்னும் பத்தல.”