ஊதா தொண்ணூற்று நான்கு

காலை ஆறு மணிக்கு ஜெசிந்தா தொட்டி நீரின் உப்பை அளந்தாள். பிறகு சுண்ணாம்புச் சத்து, வெப்பம். மூன்றையும் பதிவுத்திரையில் ஏற்றிவிட்டு நீல விளக்கைப் போட்டாள். ஒன்பதாவது மாடி வீட்டின் கூடத்தில், கைவிரல்களை விரித்தாற்போன்ற பவளம் ஊதா நிறத்தில் ஒளிர்ந்தது. தூத்துக்குடியில் அன்று காலை நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் இதே வேலை நடந்துகொண்டிருந்தது.

கடலில் பவளப்பாறைகள் வெளுத்து அழிந்து முப்பத்தோராண்டு ஆகியிருந்தது. எஞ்சிய உயிர்களை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். வெண்மை என்றால் சாவு என்பதைக் கண்ட தலைமுறை எழுதிய சட்டம் அது. எனவே நிறத்தையே உயிரின் அளவாக வைத்தது. மாதந்தோறும் தேர்வாளர் நிறமானியோடு வருவார். எழுபதுக்கு மேல் இருந்தால் பவளம் வீட்டிலேயே இருக்கும். அதன் துண்டுகள் கடலில் நடப்படும். அதற்குக் கீழே போனால் வேறு காப்பாளருக்குப் போய்விடும்.

ஜெசிந்தாவின் பவளம் நான்கு ஆண்டுகளாகத் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதில்லை. துறைமுகத்தில் பளுதூக்கி இயக்குபவளுக்கு அந்தப் பொறுமை இயல்பாக இருந்தது. நிறம் ஏற, நீரில் சத்தை மட்டாக வைத்து, ஒளியைக் கூட்டினால் போதும்.

அவள் கணவன் அமல்ராஜ் கடலடியில் பவளத் துண்டுகளை நடும் பிரிவில் முக்குளிப்பவன். அன்று மதியம் ஈரத் தலையோடு வந்து, சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"உன் துண்டு எல்லாம் போச்சு, ஜெசி."

"எத்தன?"

"நாப்பதும். மூணு வாரந்தான் தாங்குச்சு. போன வருசமும் இதே கததான். நான் உங்கிட்ட சொல்லல."

அவள் தொட்டியைப் பார்த்தாள். "எல்லார் வீட்டுதுமா?"

"நிறம் கூடுனது எல்லாம். கழிச்சுப் போடச் சொன்ன பழுப்புத் துண்டு கொஞ்சத்த அதே பாறையில ஒட்டிப் பாத்தேன். அது கெடக்கு, உயிரோட. யாருகிட்டயும் சொல்லிறாத."

"அதெப்படி?"

"பழுப்பு அதுக்குள்ள இருக்குற பாசி. அதுதான் சோறு போடுது. நாம பட்டினி போட்டுப் பாசியக் கொறச்சாத்தான் ஊதா தெரியுது. அலையில விட்டதும் கையில ஒண்ணும் இல்லாமப் போயிருது."

ஜெசிந்தா எழுந்து தொட்டியருகே போனாள். பிறகு, "நாலு வருசமா பட்டினி போட்டிருக்கேன்" என்றாள்.

மறுநாள் ஒளியைப் பாதியாகக் குறைத்தாள். இரண்டு நாளைக்கு ஒரு முறை இறால் கரைசலை ஊற்றினாள். ஆறாவது வாரத்தில் ஊதா மங்கியது. பத்தாவது வாரத்தில் பவளம் நனைந்த மண்ணின் நிறத்துக்கு வந்து, தடித்து, அகலமாக வளர்ந்திருந்தது. தேர்வாளர் சேந்தன் மாதாமாதம் எச்சரித்தார். மூன்றாம் முறை நிறமானி ஐம்பத்திரண்டு காட்டியது.

"ஏம்மா இப்படி விட்டுட்டீங்க?"

"அது நல்லா இருக்கு சார். தொட்டுப் பாருங்க."

"தொட்டுப் பாக்க விதி இல்லயே" என்றார் அவர், வருத்தத்தோடுதான். குளிர்பெட்டியில் பவளத்தை எடுத்துப் போனார்கள். அவள் தண்ணீரை வடித்தாள். கூடம் இருட்டாகிவிட்டதாக அமல்ராஜ் சொன்னான். வேறு விளக்கு வாங்கி மாட்டினார்கள்.

ஏழு மாதம் கழித்து, சிறந்த காப்பாளருக்குப் பரிசளிக்கும் விழாவுக்கு அழைப்பு வந்தது. அந்தப் பவளம் காயல்பட்டினத்து ஃபஸீலா என்பவள் கையில் தொண்ணூற்று நான்கைத் தொட்டிருந்தது. ஜெசிந்தா போனாள். மேடையில் தொட்டியை வைத்திருந்தார்கள். இவ்வளவு ஊதாவை அவளே கொண்டுவந்ததில்லை. எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஃபஸீலா அவளைத் தேடி வந்தாள். முப்பது வயதிருக்கும்.

"அக்கா, நீங்கதானே முன்ன வச்சிருந்தது? ஒண்ணு கேக்கணும். வந்தப்ப கிளை இவ்வளவு தடிப்பா இருந்துச்சு. இப்ப மெலிஞ்சுக்கிட்டே போவுது. நான் என்ன தப்பு செய்றேன்?"

ஜெசிந்தா அக்கம்பக்கம் பார்க்கவில்லை. கடலில் நட்டதையும் செத்ததையும் சொன்னாள். பழுப்பைப் பற்றியும் சொன்னாள். யார் நட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"சோறு போட்டா நிறம் போயிருமே, அக்கா."

"போயிரும். உன்கிட்டருந்து எடுத்துட்டும் போயிருவாங்க."

ஃபஸீலா தன் கையிலிருந்த பரிசுப் பலகையைப் பார்த்தாள். பிறகு அதை நாற்காலியில் வைத்துவிட்டு, குறித்துக்கொள்ளக் கைபேசியைத் திறந்தாள்.

"இறால் கரைசல் எவ்வளவு ஊத்தணும்?" என்று கேட்டாள்.