பால் ஊற்ற ஓர் இடம்

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள், மத்தியானச் சோறு முடிந்த கையோடு, காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் அருக்காணி, எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க வந்தாள். வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கட்டடம். மலைக்குக் கீழே கிளியூர்ப் பள்ளத்திலிருந்து ஏறி வந்த பனி வராந்தாவை அதற்குள் மூடியிருந்தது. பட்டப்பகலில் பல்பு எரிந்தது. ஈரச் சுவர் நாற்றத்தையும் மீறி, மூக்கைக் குத்தும் மருந்து நெடி ஒன்று நடைக்கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஆடி மாதம் இதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு ஆறு மாதத்திலேயே பிள்ளை பிறந்து இறந்துபோனது. பையன் என்று மட்டும் சொன்னார்கள். முகத்தைக் காட்டவில்லை. "குழியில போட்டாச்சு, ஊட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் வீட்டு வழக்கத்தில் புதைத்த இடத்தில் பால் ஊற்ற வேண்டும். செத்தது சிசு என்றால் பெற்றவளே தன் பாலைப் பீய்ச்சி ஊற்றுவாள். அப்போதுதான் அது பசியாறிப் போகும் என்பார்கள். எந்தக் குழி என்றே தெரியாமல் எங்கே போய் ஊற்றுவது? மாதம் மூன்று ஓடியும் அருக்காணிக்குப் பால் வற்றவில்லை.

"ஏனுங்க நர்சம்மா, இந்த மாத்திரையும் கேக்கலீங்க. பாலு நிக்கவே மாட்டேங்குது."

நர்ஸ் அமலி நிமிர்ந்து பார்க்காமல் பொட்டலம் மடித்தாள். அவள் எப்போதுமே அருக்காணியின் முகத்தைப் பார்த்ததில்லை.

கிணிங்.

யாரோ கண்ணாடியை நகத்தால் தட்டிய மாதிரி இருந்தது. நடைக்கோடியில் பூட்டிக் கிடந்த அறையிலிருந்து வந்தது சத்தம்.

அருக்காணியின் மார் விண்ணென்று இழுத்தது. பசித்த பிள்ளை அழுதால் தாய்க்கு ஆகிறதுதான் அவளுக்கும் ஆனது. நனைந்த ரவிக்கையை முந்தானையால் மூடிக்கொண்டு, கூச்சத்தோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். இருமல் மருந்துக்காக வந்திருந்த தலைச்சோலை ஊர் ராசம்மாள் பக்கத்தில் இருந்தாள். தலை நரைத்தவள், தீட்டு நின்று எத்தனையோ வருஷம் ஆனவள். அவளும் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ரவிக்கையும் நனைந்திருந்தது.

"அக்கா... உங்களுக்குமா?"

"மெதுவாப் பேசு கண்ணு. இங்க புள்ளையப் பறிகுடுத்தவ எவ வந்து உக்காந்தாலும் இப்படித்தான். அந்த ரூமுப் பக்கம் போயிராத."

"உள்ள என்னன்னு யாரும் கேக்கலீங்களா?"

"டாக்டரய்யாகிட்டயா? நாமளா?"

அருக்காணிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் "நாமளா" என்ற அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நடந்தாள்.

நெருங்க நெருங்க நெடி தொண்டையை அடைத்தது. கதவில் காது வைத்தாள். தட்டல் நின்றுபோனது. அதற்குப் பதிலாக வேறு ஒன்று கேட்டது.

சப்புக்கொட்டும் சத்தம்.

ஒரு வாய் அல்ல. பல வாய்கள்.

"அங்க என்ன வேலை உனக்கு?"

டாக்டர் வெங்கடாசலம் நின்றிருந்தார். அவரைக் கெட்டவர் என்று எஸ்டேட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். கைராசிக்காரர், அதிர்ந்து பேசாதவர். ஏழை பாழைகள் உடம்பு என்றால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டியதில்லை என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

"எம் புள்ளையப் போட்ட குழியக் காட்டுங்க. பால் ஊத்தணும்."

"அதெல்லாம் மண்ணோட மண்ணாப் போயிருக்கும்மா."

கிணிங். கிணிங்.

"எலி" என்றார் டாக்டர். அவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்த்திருந்தது.

அமலி வந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்துவிட்டாள். அப்போதுதான் முதல்முறையாக அருக்காணியின் முகத்தைப் பார்த்தாள்.

அலமாரி முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். மேல் தட்டு ஜாடிகளில் மிதந்த கருக்கள் விரல்கணு அளவுதான். கீழே வரவரப் பெரிது. கை தெரிந்தது, காது தெரிந்தது, மூடிய இமை தெரிந்தது. பேர் கிடையாது, நம்பர்தான்.

"நான் இதுங்களச் சன்னலப் பார்த்துத்தானே வச்சிருந்தேன்" என்று டாக்டர் முணுமுணுத்தார்.

எல்லா முகங்களும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இத பாரும்மா. கரு வாரத்துக்கு வாரம் எப்படி வளருதுன்னு தெரிஞ்சுக்கற ஆராய்ச்சி இது. நாளைக்கு இதெல்லாம் பட்டணத்துக்குப் போகுது. இதால எத்தனையோ பிள்ளைங்க பிழைக்கும். கேட்டிருந்தா நீ குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பனோ மாட்டனோ, அது எம் பேச்சுங்க. நீங்க கேக்கவே இல்லீங்களே." அருக்காணியின் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "இந்த அலமாரியில உங்க ஊட்டுப் புள்ள ஒண்ணு இருக்குதுங்களா? எஸ்டேட் தொரை ஊட்டுது இருக்குதுங்களா?"

டாக்டர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "சரி, எது உன்னோடதுன்னு சொல்லு. அத மட்டும் எடுத்துட்டுப் போ" என்றார். அவளால் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

அருக்காணி ஒவ்வொரு ஜாடி முன்னாலும் நின்றாள். ஒவ்வொன்றுக்கும் பால் சுரந்தது.

"எல்லாமே எங்களுதுங்க."

வாசலில் ராசம்மாள் நின்றாள். அவளுக்குப் பின்னால், மருந்துக்கு வந்திருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் காப்பிப்பழக் கூடைகளோடு நின்றார்கள். டாக்டர் குறுக்கே கையை நீட்டினார்.

அலமாரி முழுவதும் ஒரே சமயத்தில் தட்டியது.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால், சில்வர் ஓக் மரத்தடியில் ஜாடிகளிலிருந்து எடுத்து எல்லாவற்றையும் புதைத்தார்கள். தன் பிள்ளை எது, அடுத்தவள் பிள்ளை எது என்று யாரும் பார்க்கவில்லை. சுற்றி நின்று பால் ஊற்றினார்கள். ராசம்மாள் வாய்விட்டு அழுதாள். மண் உடனுக்குடன் உறிஞ்சிக்கொண்டது. அன்றைக்கே அருக்காணிக்குப் பால் நின்றது.

கார்த்திகை பிறந்தபின் ஒரு சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாள். டாக்டர் வெங்கடாசலம். சவரம் செய்யாத முகம். தடித்த கோட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பொத்திப் பிடித்திருந்தார்.

"அந்த எடத்தைக் காட்டும்மா" என்றார் கிசுகிசுப்பாக. "நிக்க மாட்டேங்குது."

கையை எடுத்தார். கோட்டின் முன்பக்கம் இரண்டு இடத்தில் வட்டமாக நனைந்திருந்தது. அந்த வாசனையை அருக்காணி எங்கே இருந்தாலும் கண்டுபிடிப்பாள்.

பால்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கதவை விட்டு நகராமல் நின்றாள்.

"எங்க புள்ளைங்கெல்லாம் பசியாறிப் போயிருச்சுங்க. இது அதுங்களுக்கு இல்ல. இன்னும் எங்க வெச்சிருக்கீங்க?"

"இங்க ஒண்ணும் இல்ல, சத்தியமா. இதுக்கு முன்னால வேற ஊருங்கள்ல..." அவரால் முடிக்க முடியவில்லை.

"அப்ப அந்த ஊருங்களுக்குப் போங்க. பெத்தவளுக ஊடு ஊடாப் போய்க் கேளுங்க. எங்க ஊத்தணும்னு அவளுக சொல்லுவாளுக."

கதவைச் சாத்தவில்லை. அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பை கிடையாது, பெட்டி கிடையாது, வெறும் கையோடு பஸ் ரோட்டுப் பக்கம் பனிக்குள் இறங்கிப் போனார். ஆள் மறைந்துவிட்டார்.

கிணிங். கிணிங்.

சத்தம் மட்டும் அவர் கூடவே போய்க்கொண்டிருந்தது.