பத்தொன்பது நாள் ஓடிய தொடர்

அப்பா கடலில் போகவில்லை. சூலூரில் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்தார், ஓய்வு பெற்றார், சர்க்கரை முற்றி இறந்தார். கடலில் போனவர் மூன்றாவது பைலட்டின் அப்பா. எனக்குத் தங்கை கிடையாது. ரயிலேறிப் போனவள் ஐந்தாவது பைலட்டின் தங்கை. நான் படித்தது பீளமேட்டில். சிறையில் இருந்ததே இல்லை.

யாழிசை கண்ணைத் திறக்காமலே இதையெல்லாம் மனதுக்குள் சொல்லி முடித்தாள். நெய்வகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் உள்ள காலைப் பழக்கம் இது. பல் துலக்கும் முன் தன்னைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் அதற்குக் கால் மணி நேரம் பிடித்தது.

அவள் சிறுமியாக இருந்தபோது மக்கள் தொடர்களைத் திரையில் பார்த்தார்கள். இப்போது காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டு அரை மணி தூங்கி எழுந்தால், அன்றைய பகுதி ஞாபகமாகவே உள்ளே வந்துவிடும். தனக்கே எப்போதோ நடந்ததுபோல. நினைவுத் தொடர் என்று அதற்குப் பெயர். அதை நெய்யும் இடம் நெய்வகம். யாழிசை தயாரித்தவற்றில் நான்கு, கோடிப் பேர் வாழ்ந்தவை. நூற்றாண்டின் தயாரிப்பாளர் என்று அவளுக்கு விருது கொடுத்திருந்தார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். எந்தத் தொடரையும் வெளியே விடும் முன் தயாரிப்பாளரே அதை வாழ்ந்து பார்க்க வேண்டும். உப்புப் பார்ப்பது என்பார்கள். அலைவரிசை அதை வாங்கிக்கொண்டால், அவளுக்குள் இருக்கும் பிரதியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். விற்ற வீட்டின் சாவி விற்றவரிடம் இருக்கலாமா என்பது சட்டத்தின் கேள்வி. பைலட் என்ற மாதிரிப் பகுதிகளில் விலை போகாதவற்றையும், ஓடாமல் பாதியில் நின்று அவளுக்கே திரும்பி வந்த தொடர்களையும் யாரும் பிரிக்க மெனக்கெடவில்லை.

ஆகவே வென்றவை எல்லாம் அவளை விட்டுப் போயிருந்தன. தோற்றவை தங்கிவிட்டன.

போன வாரம் உழவர் சந்தையில் ஒரு பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மண்டபத்துல செருப்பைத் தேடற சாக்குல அழுதோமே, இன்னைக்கு நெனச்சாலும் நெஞ்சு அடைக்குதுங்கக்கா!" யாழிசை சிரித்து வைத்தாள். எந்த மண்டபம், யார் செருப்பு, ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

சமையலறையில் ரித்விக் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அறுபது வயதுக் கணவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினான்.

"இன்னைக்கு யாரோ வர்றாங்கன்னியே?"

"பெனாசிர். அலைவரிசைல இருந்து. ஓடாதது எல்லாத்தையும் கேக்கறாங்க. விக்காத ஆறு பைலட்டு, பாதியில நிறுத்துன மூணு தொடரு. ஒரே தொகுப்பாப் போடறாங்களாம்."

"அடேங்கப்பா! குப்பைக்கும் காலம் வந்துருச்சு."

"உன்னையே இத்தனை வருசமா வெச்சிருக்கேன். குப்பை சேத்தறதுல என்னை யாரு மிஞ்சுவா?"

அவன் உரக்கச் சிரித்தான். அவளுக்கும் வாரம் முழுக்க மகிழ்ச்சிதான். பெற்ற பிள்ளைகளில் நோஞ்சானைத்தானே தாய் அதிகம் நினைக்கிறாள். 'ஆறாம் மாடி வெயில்' பத்தொன்பதே நாள் ஓடியது. அதை நாலு பேர் கூடுதலாக வாழ மாட்டார்களா என்று இருபத்தைந்து வருடம் ஏங்கியிருக்கிறாள். ஆனால் நேற்றிலிருந்து அதை நினைக்கும்போதெல்லாம் ஒரு பிற்பகல் குறுக்கே வந்து நின்றது. காலையில் சொல்லும் பட்டியலில் அதை எந்தப் பக்கம் வைப்பது என்று அவள் ஒருநாளும் தீர்மானித்ததில்லை. தாண்டிப் போய்விடுவாள்.

"ரித்து, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நீ கொச்சில இருந்து திரும்பி வந்தியே, அப்ப."

அவன் கை நின்றது. இரண்டு வருடம் வேறொருத்தியோடு கொச்சியில் இருந்துவிட்டு வந்தவன் அவன். அதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

"பால்கனில பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்து, எங்கிட்ட மன்னிப்புக் கேட்டியே. அது நடந்துச்சா?"

"நடந்துச்சே. நீலப் பக்கெட்டு. உன் சேலை காஞ்சிட்டு இருந்துச்சு." அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே தயங்கிச் சொன்னான். "ஆனா யாழி, 'ஆறாம் மாடி வெயில்'லயும் இதே காட்சி வருதே. நானும் அதைப் பத்தொன்பது நாளும் ஒட்டிக்கிட்டேன்."

"அதுல எல்லாருக்கும் பொண்டாட்டி நெனப்புத்தான் வரும். உனக்கு என்ன தெரியுது? நீ கேக்கறியா, இல்ல உங்கிட்ட யாரோ கேக்கறாங்களா?"

அவன் கண்ணை மூடிப் பார்த்தான்.

"கேக்கறவன் மூஞ்சி நல்லாத் தெரியுது. அப்புறம்... பக்கெட்டு விளிம்பு தொடைல அழுத்துனதும் ஞாபகம் இருக்கு."

"ரெண்டும் எப்படிடா இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? நீதான நெய்யறவ."

பதினோரு மணிக்கு பெனாசிர் வந்தாள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். கையில் ஒப்பப் பலகை. யாழிசையின் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"மேடம், ஒரு சம்பிரதாயக் கேள்விங்க. இந்த ஒன்பதுல எதுலயாச்சும் சொந்த நினைவை நூலாப் போட்டிருக்கீங்களா?"

போடக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். போடாதவர் யாரும் கிடையாது. நெசவு நின்றுபோகும் இரவுகளில் தன் வீட்டு வெயிலை, தன் வீட்டு பக்கெட்டை ஒரு இழை எடுத்துக் கோத்தால்தான் துணி உயிர் பெறும். அவள் கோத்தாள். வெயிலோடு நிறுத்தினாளா, மன்னிப்பையும் சேர்த்துக் கோத்தாளா? நடந்ததால் எழுதினாளா, எழுதியதால் நடந்ததாக ஆனதா?

"போட்டிருந்தா என்ன ஆகும்?"

"அதுவும் சேந்து உங்களை விட்டு வந்துரும்ங்க. ஏறின சாயத்தைத் துணில இருந்து மறுபடி எடுத்தா, பழைய நிறமா மிஞ்சும்?"

"அன்னைக்குப் பாத்தவங்க?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம் பேருங்க. அவங்ககிட்ட இருந்தும் எடுத்துருவோம். புதுசா இருந்தாத்தான் ஜனங்க ஒட்டுவாங்க."

அடுத்த அறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ரித்விக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"'ஆறாம் மாடி வெயில்' மட்டும் விட்டுட்டு மத்த எட்டையும் தந்தா?"

"ஐயோ மேடம்! எங்க மேலிடம் கேக்கறதே அதுக்காகத்தாங்க. அது இல்லேன்னா தொகுப்பே இல்ல." பெண் குரலைத் தாழ்த்தினாள். "என்னோட பதினாறாவது வயசுல அதை ஒட்டிருக்கேன். யாரும் அது மாதிரி செஞ்சதில்லைங்க. ஊரே வாழட்டும் மேடம்."

இருபத்தைந்து வருடம் காத்திருந்த வார்த்தை. யாழிசைக்குக் கண் கலங்கியது. ஊரே வாழும். கோடிப் பேரிடம் ஒருவன் வெயிலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பான். அவளிடம் கேட்டிருக்க மாட்டான். கொச்சி மட்டும் அப்படியே இருக்கும். நாளைக் காலையில் சமையலறைக்குள் போனால் அங்கே ஒரு ஆள் நிற்பான். இவனை எதற்காக மறுபடி வீட்டுக்குள் விட்டோம் என்று அவள் யோசிப்பாள். அவனும், தன்னை எதற்காக விட்டாள் என்று யோசிப்பான். சொல்ல இருவரிடமும் ஒன்றும் இருக்காது.

பெனாசிர் ஒப்பப் பலகையை அவள் பக்கம் நகர்த்தினாள். "பெருவிரலை இங்க வைங்க மேடம்."

யாழிசை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு கையாலும் மெல்ல அந்தப் பெண்ணின் பக்கமே தள்ளி வைத்தாள்.

"வேண்டாம், கண்ணு."

"எந்த இடத்துல உங்க நூல் இருக்குன்னு சொல்லுங்க மேடம். முடிஞ்சா அதை மட்டும் காப்பாத்தப் பாக்கறோம்."

"அது எனக்குத் தெரியலையே," என்றாள் யாழிசை. "அதனாலதான் வேண்டாங்கறேன்."