இரைச்சல் இல்லாத பெட்டி

ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆம்பூர் பஜாரில் நசீர் அகமதுவின் ரேடியோ கடைக்கும் போய்விட்டு, மோசஸ் மேஸ்திரி புது ஜப்பான் ரேடியோப் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. தோல் பதனிடும் ஷெட்டுக்குப் பின்பக்கத்து வீடு. சுவரில்கூட அந்த நாற்றம் ஊறிப் போயிருந்தது.

"மெட்ராஸ் எஃப்.எம். இங்க எட்டாது மேஸ்திரி. வேலூரைத் தாண்டினா ஒண்ணும் வராது. அப்புறம் இன்னாத்துக்கு இது?" என்று நசீர் கேட்டதற்கு, "டேப் போட்டுக் கேட்டுக்கறேன்" என்று சமாளித்திருந்தான்.

டேப்பாவது ஒன்றாவது! பழைய பெட்டியைக் கண்டு அவனுக்குப் பயம். அந்த எண்பத்து நாலாம் வருஷம் மீடியம் வேவில் பாட்டே அருகிப் போயிருந்தது. உரம், மார்க்கெட் நிலவரம், பேச்சு, பேச்சு. நல்ல பாட்டெல்லாம் எஃப்.எம்.முக்குப் போய்விட்டதாக மெட்ராஸ் போய் வந்தவர்கள் அளந்தார்கள். மிஞ்சியது ஞாயிறு நேயர் விருப்பம் ஒன்றுதான். மூன்று வாரமாக அதில் ஒரு பெயர் வாசிக்கிறார்கள்.

"ஆம்பூர் துரைசாமி."

பிறகு பாட்டு வராது. ஒரே கரகரப்பு.

மோசஸின் கீழ் ஷெட்டில் வேலை பார்த்த துரைசாமி செத்து ஒரு வருஷமாகிறது.

தோல் சுழற்றும் பெரிய மர டிரம்முக்குள் சிக்கிய தோலை எடுக்க இறங்கினான். மோசஸ் சுவிட்சைப் போட்டான். "மூணு தரம் குரல் கொடுத்தேன். ரேடியோ அலறிக்கினு இருந்துச்சு, அவன் காதுல விழல" என்று விசாரணையில் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். மோசஸின் மனைவி சாரா பைபிள்மேல் வைத்த நம்பிக்கையை அதன்மேலும் வைத்தாள். அவனுக்கு மிச்சமிருந்த நிம்மதி அது ஒன்றுதான்.

எவனோ செத்தவன் பெயரில் கார்டு போடுகிறான் என்று மோசஸ் முடிவு கட்டினான். துரைசாமியின் மனைவி அமிர்தவள்ளியிடமே போய்க் கேட்டான். "எனக்குக் கைநாட்டுதாங்க. யாரு எழுதுவா?" என்றாள் அவள். ஷெட் கிளார்க்கைச் சந்தேகப்பட்டான். தபால்காரரைச் சந்தேகப்பட்டான். ஒரு நாள் சாராவின் பேனாவைக்கூட எடுத்துப் பார்த்தான். கடைசியில், எதுவுமே எட்டாத எஃப்.எம்.மில் வைத்துவிட்டால் அந்தப் பெயரும் வராது என்றுதான் புதுப் பெட்டி வாங்கினான்.

இப்போது அதே சாரா புதுப் பெட்டியின் குமிழைத் திருப்பினாள். முள் எஃப்.எம்.மில் நின்றது. சின்ன இரைச்சல்கூட இல்லை.

"ஒண்ணுமே வரலியே?"

"வராது. விடு."

வந்தது.

"அடுத்து விரும்பிக் கேட்பவர், ஆம்பூர் துரைசாமி."

அறிவிப்பாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல அத்தனை தெளிவு. பெட்டியிலிருந்து சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை குப்பென்று அடித்தது.

"மேஸ்திரி! உள்ள இருக்கேன். சுவிட்ச் போடாதீங்க மேஸ்திரி!"

டொக்.

மர டிரம் உருண்டது. ஈரத்தோல் பொத், பொத் என்று விழுந்தது. மூன்று வாரமாகக் கரகரப்பு மூடி வைத்திருந்தது இதைத்தான்.

சாரா மெதுவாகத் திரும்பினாள்.

"நீங்க கூப்பிட்டேன்னு சொன்னீங்க," என்று கிசுகிசுத்தாள். "அவருல்ல உங்களக் கூப்பிடறாரு."

அன்றைக்கும் அந்தக் குரல் அவனுக்குக் கேட்டிருந்தது. ரேடியோவில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்துத்தான் சுவிட்சைப் போட்டான். அதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். பாவி, பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினான்.

டிரம் நிற்கவில்லை. அது தானாக ஓய்ந்த பிறகு அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதையே மறுபடியும் விரும்பிக் கேட்பவர், ஆம்பூர் சாரா."

"நீ... நீ கார்டு போட்டியா?" என்றான் மோசஸ், பிடுங்கிய பிளக்கைப் பிடித்தபடியே.

சாரா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாற்காலியை அதன் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சும்மா இருங்க," என்றாள். "கேக்கணும்."