ஏழாம் நம்பர் மட்டையின் பதினோரு புள்ளிகள்

பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டைதான் பறந்து போனது.

பறந்த மட்டை காற்றில் இரண்டு குட்டிக்கரணம் அடித்தது. பிறகு விசில் மிஸ்ஸின் காபி ஃப்ளாஸ்க்குக்கு ஒரு சாண் தள்ளி, புல்லில் ‘தொப்’பென்று விழுந்தது. கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் அந்த மிஸ்ஸின் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அன்று அதை ஊதக்கூட அவருக்கு மூச்சு வரவில்லை.

“பட்டாணி! இங்க வா!”

பட்டாணிக்கு வயது பத்து. வகுப்பிலேயே அவள்தான் குட்டை, அதனால் அந்தப் பெயர். பெயருக்கேற்ப எங்கேயாவது உருண்டோடி ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தாள். முடியவில்லை.

மிஸ் மட்டையை எடுத்துத் தடவிப் பார்த்தார். “அடியம்மா! கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கே! கிரிப் தேஞ்சு போச்சு.”

மட்டையின் மேல் பகுதியில், கையால் பிடிப்பதற்காக ஒரு ரப்பர் உறை இருக்கும். அதுதான் கிரிப். அது தேய்ந்துபோனால் மட்டை கையில் நிற்காது.

“சனிக்கிழமை ஆட்டத்துக்குள்ள சரி பண்ணிட்டு வா. வழுக்குற மட்டையோட உன்னை இறக்க மாட்டேன். இன்னிக்கு என் ஃப்ளாஸ்க் தப்பிச்சுது. அன்னிக்கு யார் மண்டையோ!”

சனிக்கிழமை ஆட்டம்தான் பட்டாணியின் முதல் ஆட்டம். ஒரு மாதமாக அவள் அதற்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். புது கிரிப் மாட்டுவது பெரிய வேலையும் இல்லை. ஆனால் அவளால் மாட்ட முடியாது. ஏனென்றால் அவளிடம் இருந்த ஐந்து மட்டைகளும் அக்காவுடையவை.

அக்கா ஒரே வருடத்தில் கதவு நிலையைத் தொடும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். மட்டைகள் எல்லாம் குட்டையாகிவிட்டன. அவள் வாலிபால் ஆடப் போய்விட்டு, மட்டைகளைத் தங்கைக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போதே கையை நீட்டினாள். “எதையும் மாத்தக் கூடாது. சத்தியம்?”

“சத்தியம்!” என்று பட்டாணி அந்தக் கையில் ஓங்கி அடித்தாள். மட்டை கிடைக்கிற சந்தோஷத்தில் அவள் எதற்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்திருப்பாள்.

இன்று பறந்து போனது, ஏழு என்று எண் பொறித்த மட்டை. அந்த ஏழாம் நம்பர் மட்டையின் கிரிப்பில், மேல் நுனியைச் சுற்றி, வெள்ளை பெயிண்ட் பேனாவால் வைத்த பதினோரு புள்ளிகள் உண்டு. பந்து மைதானத்துக் குளத்தைத் தாண்டிப் போன ஒவ்வொரு தடவையும் அக்கா ஒரு புள்ளி வைத்திருந்தாள். அவளுடைய கட்டைவிரல் அழுத்தி அழுத்தி, கீழே ஒரு சின்னப் பள்ளமும் விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பட்டாணி மெல்ல ஆரம்பித்தாள். “அக்கா, கிரிப் ரொம்பப் பழசாயிடுச்சு...”

அக்கா புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. “பழசெல்லாம் இல்ல. அதை வச்சுத்தான நான் பதினோரு தடவை குளத்தைத் தாண்டினேன்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்!”

பட்டாணிக்குச் சுருக்கென்றது. ‘ஒருவேளை எனக்கு நிஜமாவே ஆடத் தெரியலையோ?’ அன்று அவள் தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது வாசலிலேயே அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஐந்து மட்டைகளும் சுவரில் சாய்ந்திருந்தன. கிரிப்புகள் கன்னங்கரேல் என்று மின்னின.

“எப்படி? புதுசே தோத்துடும் இல்ல?”

“என்னப்பா பண்ணீங்க?”

“ஷூ பாலிஷ்!”

பட்டாணி ஒரு மட்டையைத் தூக்கினாள். அது கையை விட்டு நழுவிக் காலில் விழுந்தது. உள்ளங்கை இரண்டும் அட்டைக் கரியாகிவிட்டன. அப்பா ஒரு வேலையைத் தொட்டால் அது இரண்டு வேலையாகும் என்று அம்மா சொல்வது சும்மா இல்லை.

வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ் இரண்டு. இருவரும் உட்கார்ந்து தேய்த்தார்கள். முதலில் பாலிஷ் போனது. தண்ணீர் மாற்றித் தேய்த்தால், அதற்கு அடியில் பல வருட வியர்வையும் அழுக்கும் குழம்பு குழம்பாக வந்தது.

துடைத்துக் காய வைத்துத் தொட்டுப் பார்த்த பட்டாணியின் கண் விரிந்தது. “அப்பா, இது ஒட்டுதுப்பா! அழுக்குதான் வழுக்கியிருக்கு!”

“பாத்தியா, என் பாலிஷாலதான!” என்றார் அப்பா.

பட்டாணி அதைக் காதில் வாங்கவில்லை. “எல்லாத்தையும் சோதிச்சுப் பாக்கலாம். நான் ஈரக் கையால கிரிப்பைப் பிடிச்சுக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் இழுங்க.”

முதல் மட்டையை அப்பா இழுத்தார். மட்டையோடு பட்டாணியும் சேர்ந்து தரையில் சறுக்கிக்கொண்டு போனாள். கிரிப் நழுவவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவதும் அப்படித்தான். கடைசியில் ஏழாம் நம்பர். அப்பா அதே வேகத்தில் இழுத்தார். மட்டை சர்ரென்று உருவிக்கொண்டு வந்தது. அப்பா பின்னால் போய் வாளிக்குள் உட்கார்ந்தார்.

நான்குக்கு ஒன்றும் தேவையில்லை. ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அந்த ஒன்று புள்ளி வைத்த மட்டையாகவா இருக்க வேண்டும்!

வெள்ளிக்கிழமை மாலை அப்பாவும் பட்டாணியும் ரிப்பேர் கடைக்குப் போனார்கள். கடை மாமா கிரிப்பை நகத்தால் அழுத்தினார். “ரப்பர் கட்டையாயிடுச்சு. இதைக் கங்கணம் கட்டிக்கிட்டுக் கழுவினாலும் பிரயோஜனம் இல்ல. கத்தியால ஒரு கீறு கீறி எடுத்துட்டுப் புதுசு மாட்டிடலாம். காலையில ஆடலாம்.”

“இதுல எங்க அக்கா வச்ச புள்ளி இருக்கே, மாமா.”

“அட, இவ்வளவுதானா? புதுசுலயும் பதினோரு புள்ளி வச்சுத் தர்றேன். அக்காவுக்கு என்ன தெரியப் போகுது?”

அப்பா கூரையைப் பார்த்தார். பட்டாணி தரையைப் பார்த்தாள். ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு ஆடிவிடலாம்.

“வேணாம் மாமா. அது அக்கா தாண்டின குளம். நாம புள்ளி வச்சா பொய்யாயிடும். கடை எப்ப மூடுவீங்க?”

“ஏழு மணிக்கு.”

பட்டாணி மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்பா பின்னால் ஓடினார்.

வீட்டில் அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள். “அக்கா, ஒரே ஒரு தடவை இதைப் பிடிச்சுப் பாரு. அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

அக்கா மட்டையை வாங்கினாள். பழக்கத்தில் கட்டைவிரல் நேராகப் பள்ளத்துக்குப் போனது. ஆனால் அதில் உட்காரவில்லை. பள்ளத்தின் இரண்டு பக்கமும் விரல் பிதுங்கி நின்றது. அக்கா விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“என்னடி இது, சேரவே மாட்டேங்குது!”

“உன் விரல் வளர்ந்துடுச்சுக்கா. என் விரலைப் பாரு.” பட்டாணி வைத்தாள். அவள் சின்ன விரல் பள்ளத்துக்குள் அங்குமிங்கும் புரண்டது. “எனக்கும் சேரல. இப்ப கையை நனைச்சுக்கிட்டுப் பிடி.”

அக்கா பிடித்தாள். பட்டாணி இழுத்தாள். வாலிபால் ஆடும் கையிலிருந்தே மட்டை உருவிக்கொண்டு வந்துவிட்டது.

அக்கா தன் கையைப் பார்த்தாள். “சாரிடி பட்டாணி. உனக்கு ஆடத் தெரியலைன்னு நினைச்சுட்டேன். மாத்திக்கோ.” அவள் புள்ளிகளைத் தடவினாள். “வெட்டிக் குப்பையில போட்டுடுவாங்களேன்னுதான் மனசு கேக்கல.”

பட்டாணிக்கும் மனசு கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரும்பியபோது, கதவுக்குப் பின்னால் அக்காவின் குடை தொங்குவது தெரிந்தது. அதன் பிடி உடைந்து வெகு நாளாகிவிட்டது. வெறும் கம்பிதான் நீட்டிக்கொண்டிருந்தது. ‘அதைத் தூக்கி எறி’ என்று அம்மா தினமும் சொல்வார்.

பட்டாணி குடைக் கம்பியை மட்டையின் தண்டோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே பருமன்.

“அக்கா! செருப்பைப் போடு! கடை மூடிடும்!”

ஏழு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது மூன்று பேரும் மட்டையோடும் குடையோடும் மூச்சிரைக்கக் கடையில் நின்றார்கள். கடை மாமா தலையைச் சொறிந்தார். “வெட்டாமலா? முடியும். ஆனா பொறுமை வேணும். ஊசி போடணும்.”

“மட்டைக்கா?” என்றார் அப்பா.

மாமா நிஜமாகவே ஒரு ஊசியை எடுத்தார். ரப்பருக்கு அடியில் குத்தி, பசையைக் கரைக்கும் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பல்வலிக்காரர் கன்னம் போல ரப்பர் உப்பியது. முறுக்கினார், இழுத்தார். வரவில்லை. இன்னொரு ஊசி. மூன்றாவது இழுப்பில், கிரிப் முழுசாகக் கையோடு வந்தது. பதினோரு புள்ளியும் பத்திரம்.

சனிக்கிழமை லேசாகத் தூறல். மைதான ஓரத்தில் அக்கா குடை பிடித்து நின்றாள். குடையின் புதுப் பிடியில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன.

குளத்துக்கு முன்னால் பட்டாணியின் முறை வந்தது. அவள் ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தாள். அதைப் பார்த்ததும் விசில் மிஸ் ஃப்ளாஸ்க்கை வாரி எடுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார்.

பட்டாணி மூச்சை இழுத்து விட்டாள். வீசினாள்.

மட்டை கையிலேயே இருந்தது! பந்துதான் பறந்து போனது. குளத்தின் அக்கரையில் விழுந்து, தண்ணீரை நோக்கி இரண்டு அடி உருண்டு, யோசித்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது.

“தாண்டிடுச்சுடி!” அக்கா கத்திய கத்தலில் குளத்து வாத்துகள் பறந்தன.

அன்று ஆடிய எட்டுப் பேரில் பட்டாணி ஏழாவதாக வந்தாள் என்பது பிறகு நடந்த கதை. இப்போது அக்கா ஓடி வந்து, பையிலிருந்து வெள்ளை பெயிண்ட் பேனாவை எடுத்து நீட்டினாள். “நீயே வை.”

பட்டாணி புது கிரிப்பின் நுனியைத் துடைத்து ஒரு புள்ளி வைத்தாள். அது கொஞ்சம் கோணலாக விழுந்தது. இருந்தாலும் அது அவளுடைய புள்ளி.

பிறகு அவள் மட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அடிக்கு நடந்தாள். விசில் மிஸ் ஃப்ளாஸ்க்கை மடியிலிருந்து எடுத்துப் புல்லில் வைத்தார். மூடியைத் திறந்து, நிதானமாகக் காபி ஊற்றிக்கொண்டார்.